மூணு மணிக் குலுக்கல்

பெரியப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. ரப்பர் பேண்டு உருகி மேல் சீட்டோடு ஒட்டிப்போயிருக்கும். நான் எண்ணியிருக்கிறேன், நாற்பத்து மூன்று சீட்டுகள். எல்லாவற்றிலும் குலுக்கல் தேதி 2003 ஜனவரி. எல்லாம் வெளிமாநில லாட்டரி. விற்காமல் மிச்சமானவை என்று சொல்லக்கூடாது, விற்க முடியாமல் போனவை.

அந்த வருடம் ஜனவரி 8ஆம் தேதி தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஜெயலலிதா முதல்வர். எனக்கு அப்போது பதிமூன்று வயது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு மரப்பலகை, அதில் கம்பி இழுத்துச் சீட்டுகளைத் துணி காயப்போடுவதுபோல கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார் பெரியப்பா. பள்ளி விட்டு அந்த வழியாகத்தான் வருவேன். அன்றைக்குப் பலகை மட்டும் இருந்தது, கம்பியில் கிளிப்புகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பெரியப்பா பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தையே ரொம்ப நேரம் படித்தார்.

எங்கள் வீட்டில் லாட்டரியைப் பற்றி ஒருமித்த கருத்து எப்போதும் இருந்ததில்லை. பெரியப்பா விற்றதில்தான் எங்கள் கூட்டுக்குடும்பத்துக்கு அரிசி வந்தது. என் ஸ்கூல் ஃபீஸில் பாதி அந்தக் கமிஷன். அம்மாவின் தம்பி, என் மாமா, ஸ்பின்னிங் மில்லில் வேலை. சனிக்கிழமை வாரக்கூலி வாங்கியதும் நேராக அந்தப் பலகைக்கு வருவார். பெரியப்பா அவருக்கு விற்கமாட்டார். "உனக்குக் குடுக்க மாட்டேன், வீட்டுக்குப் போ மாப்ளே" என்பார். மாமா சிரித்துக்கொண்டே அடுத்த பலகைக்குப் போய்விடுவார். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஏழெட்டுப் பலகைகள் இருந்தன. தடை வந்த அன்று இரவு அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டாள். பெரியம்மா அடுப்படியில் அழுதாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

சப் ஏஜெண்டிடம் பெரியப்பா காசு கட்டித்தான் சீட்டு எடுப்பார். விற்றால் லாபம் அவருடையது, விற்காவிட்டால் நஷ்டமும் அவருடையதே. குலுக்கலுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்று ஒரு வாய்ப்பேச்சு உண்டு. தடை வந்ததும் அந்த சப் ஏஜெண்ட் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கட்டு அப்படித்தான் பெட்டிக்குள் போனது.

பல வருடம் கழித்து, நான் கோட் எழுதிச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. லாட்டரி தப்பு என்றால் அதை அரசு ஏன் நடத்தியது? தப்பில்லை என்றால் ஏன் தடை? நம் சட்டங்களைப் படிக்கப் படிக்க, இந்த இரண்டு நிலைப்பாடுகளையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டுதான் நாம் நூற்றைம்பது வருடமாக ஓட்டியிருக்கிறோம் என்று தெரிந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கல்கத்தாவை அழகுபடுத்த லாட்டரிதான் காசு கொடுத்தது. 1817இல் லாட்டரி கமிட்டி என்றே ஒன்றை அமைத்து, சீட்டு விற்ற பணத்தில் தெருக்கள் போட்டார்கள். பின்னால் வந்த பிரிட்டிஷ் அரசு 1870இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 294ஏ என்று ஒரு பிரிவைச் செருகியது. அரசு அனுமதிக்காத லாட்டரி நடத்த இடம் வைத்திருந்தால் சிறை. இங்கே கவனிக்க வேண்டியது அந்த ‘அனுமதிக்காத’ என்ற சொல். செயல் ஒன்றுதான், செய்கிறவர் யார் என்பதைப் பொறுத்து குற்றமா திட்டமா என்று முடிவாகும். 2024இல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் அந்தப் பிரிவு 297ஆம் எண்ணில் பத்திரமாகக் குடியேறிவிட்டது.

அரசியல் சாசனத்திலும் இதே பிளவு உண்டு. சூதாட்டம் மாநிலப் பட்டியலில், 34ஆவது இனம். அரசு நடத்தும் லாட்டரி மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டு மத்தியப் பட்டியலில், 40ஆவது இனம். ப்ரோக்ராமர்கள் ஒரு விதிவிலக்கை இப்படித் தனி ஃபைலில் வைத்தால், பின்னால் பெரிய பக் வரப்போகிறது என்று அர்த்தம். வந்தது.

சுதந்திர இந்தியாவில் முதலில் லாட்டரித் துறை ஆரம்பித்த மாநிலம் கேரளம். 1967, ஈ.எம்.எஸ். அமைச்சரவை, நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு. 1967 நவம்பர் 1ஆம் தேதி ஒரு ரூபாய்ச் சீட்டு விற்பனைக்கு வந்தது. முதல் பரிசு 50,000 ரூபாய், குலுக்கல் 1968 குடியரசு தினத்தன்று. அதே 1968இல் அண்ணாவின் அரசு தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டைத் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற விளம்பர வாசகம் இன்றும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் வரும். ஒரு கம்யூனிஸ்ட் அரசும் ஒரு திராவிட இயக்க அரசும் சில மாத இடைவெளியில் ஒரே முடிவுக்கு வந்தன என்பது எனக்கு ஆச்சரியமில்லை. நலத்திட்டம் போட ஆசை, கஜானாவில் காசில்லை. வரி போட்டால் திட்டுவார்கள், சீட்டு விற்றால் வரிசையில் நிற்பார்கள்.

ஒவ்வொரு மாநிலமும் தன் சீட்டைத் தன் எல்லைக்குள் மட்டும் விற்றிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் சிக்கிமிலோ நாகாலாந்திலோ எத்தனை பேர் சீட்டு வாங்கிவிட முடியும்? சிறிய மாநிலங்கள் தங்கள் பெயரை மொத்த விநியோகஸ்தர்களுக்குக் கொடுத்தன. அவர்கள் சீட்டை அச்சடித்து, கூட்டம் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நம் சிவகாசி அச்சகங்களில் வெளிமாநிலச் சீட்டுகள் மலைமலையாக ஓடியது அதனால்தான். இதைத் தடுக்க மகாராஷ்டிரா முயன்றது. 1984இல் எச். அன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இன்னொரு மாநிலத்தின் லாட்டரியைத் தடுக்க உனக்கு அதிகாரமில்லை, அது 40ஆவது இனம், மத்திய அரசின் விஷயம் என்று சொல்லிவிட்டது. முன்னால் சொன்ன பக் இதுதான். ஒரு மாநிலம் தன் ஊரில் சீட்டாட்டக் கிளப்பை மூடலாம், பக்கத்து மாநிலத்தின் சீட்டுக்கடையை மூட முடியாது.

தொண்ணூறுகளில் வந்த ஒற்றை இலக்க லாட்டரியை அந்தக் காலத்தில் வளர்ந்த யாரும் மறந்திருக்க முடியாது. சீட்டின் கடைசி எண் மட்டும் வந்தால் போதும், பரிசு. குலுக்கலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே முடிவு, ஒரே நாளில் பல குலுக்கல். கூடவே சுரண்டல் லாட்டரி வேறு, நகத்தால் சுரண்டினால் அங்கேயே தெரிந்துவிடும். மாமா விழுந்தது இந்த இடத்தில்தான். கோடியில் ஒன்று என்கிற சீட்டு ஒரு மனுஷனை வாரத்துக்கு ஒருமுறை கனவு காண வைக்கும், அவ்வளவுதான். பத்தில் ஒன்று என்கிற சீட்டு அப்படியில்லை. அடிக்கடி விழும், விழாதபோதும் பக்கத்தில் வந்து போகும். 7 வைத்திருந்தால் 8 வரும். "ஒரு நம்பர்ல போச்சு அக்கா" என்று மாமா அம்மாவிடம் சொன்னதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். எட்டுக்கும் ஏழுக்கும் குலுக்கல் எந்திரத்தில் எந்த உறவும் கிடையாது என்று அவருக்கு விளக்க எனக்கு அப்போது வயதில்லை. வயது வந்து விளக்கியபோது அவர் கேட்கவில்லை.

1998இல் நாடாளுமன்றம் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சின்னச் சட்டம், ஒரு மதியத்தில் படித்துவிடலாம். அதன் நான்காவது பிரிவு நிபந்தனைகளின் பட்டியல். முன்பே அறிவித்த எண்ணுக்கோ ஒற்றை இலக்கத்துக்கோ பரிசு தரக்கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை. சீட்டில் அரசின் முத்திரை இருக்க வேண்டும், விற்ற பணம் அரசின் பொதுக்கணக்குக்கு வர வேண்டும், குலுக்கலை அரசே நடத்த வேண்டும், அதுவும் அந்த மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும். யாரும் கேட்டு வராத பரிசுப்பணம் அரசுக்கே சொந்தம். பம்பர் வருடத்துக்கு ஆறுக்கு மேல் கூடாது. ஒரு லாட்டரிக்கு வாரத்துக்கு ஒரு குலுக்கல்தான்.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். ஒரு லாட்டரிக்கு வாரத்துக்கு ஒன்று, சரி. ஆனால் லாட்டரி என்பது என்ன? ஒரு பெயர். ஏழு பெயர் வைத்தால் ஏழு நாளும் குலுக்கலாம். கேரளத்தில் திங்கள் ஒரு பெயர், செவ்வாய் ஒரு பெயர் என்று தினமும் ஒரு லாட்டரி நடப்பது இந்த விதிக்குள் கச்சிதமாகப் பொருந்தும். 2010இல் வந்த விதிகள் ஒரு மாநிலத்தின் எல்லாத் திட்டங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு 24 குலுக்கல் வரை போகலாம் என்று சொல்லின. மணிக்கு ஒன்று! வாரத்துக்கு ஒன்று என்று எழுதியவரும் நாளைக்கு 24 என்று எழுதியவரும் ஒரே அரசாங்கத்தில்தான் வேலை பார்த்தார்கள்.

பெரியப்பாவின் கடையை மூடியது ஐந்தாவது பிரிவு. ஒரு மாநிலம் விரும்பினால் மற்ற மாநில லாட்டரிகளைத் தன் எல்லைக்குள் தடை செய்யலாம் என்று அது அனுமதித்தது. அப்படியானால் தன் சீட்டை மட்டும் விற்றுக்கொண்டு மற்றவர்களை விரட்டலாமா? 1999இல் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: முடியாது, தன் லாட்டரியையும் மூடிவிட்டு ‘லாட்டரி இல்லாத மாநிலம்’ ஆகிறவர்தான் அடுத்தவர் லாட்டரியைத் தடுக்க முடியும். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. அரசு நடத்துகிறது என்பதால் லாட்டரி வியாபாரமாகிவிடாது, அதன் இயல்பு சூதாட்டம்தான். 2003இல் தமிழ்நாடு தன் சீட்டையும் சேர்த்து நிறுத்தியதற்குப் பின்னால் இந்தத் தீர்ப்பு இருக்கிறது. ஒழுக்கம் மட்டும் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது சட்டத்தின் தேவையும்கூட என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சீட்டு வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார்? கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் இதற்காக இருபது வருடம் நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொண்டன. தமிழ்நாடு அரசு லாட்டரிச் சீட்டுக்கு விற்பனை வரி போட்டது. விற்பனை வரி பொருளுக்குத்தான் போட முடியும். காகிதத் துண்டு பொருளா? 1986இல் உச்ச நீதிமன்றம் ஒரு சீட்டுக்குள் இரண்டு உரிமைகள் இருப்பதாகப் பிரித்தது. குலுக்கலில் கலந்துகொள்ளும் உரிமை ஒன்று, விழுந்தால் பரிசு பெறும் உரிமை இன்னொன்று. முதலாவது இன்றே கையில் இருக்கிறது, ஆகவே அது பொருள், வரி செல்லும் என்றது. 2006இல் சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் இதை மாற்றினார்கள். பரிசை எடுத்துவிட்டால், கலந்துகொள்ளும் உரிமையை மட்டும் யார் காசு கொடுத்து வாங்குவார்? இரண்டையும் பிரிக்க முடியாது. சீட்டு என்பது வெறும் ஒரு வாய்ப்பு, கோரிக்கை உரிமை, பொருள் இல்லை. பிறகு ஜிஎஸ்டி வந்து, கோரிக்கை உரிமைகளுக்கு வரி கிடையாது, லாட்டரி, பந்தயம், சூதாட்டம் தவிர என்று எழுதிக்கொண்டது. மறுபடியும் ஒரு ‘தவிர’. 2020இல் அதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இந்த வாதங்களைப் படிக்கும்போது மாமாவை நினைத்துக்கொள்வேன். 1986 தீர்ப்பு சொன்னதுதான் அவருக்குச் சரி என்று தோன்றியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் முதல் முடிவு வரும்வரை சட்டைப்பையில் இருக்கும் அந்த ஒன்றுக்குத்தான் அவர் காசு கொடுத்தார்.

ஆன்லைன் லாட்டரிக்கு வருவோம். 2010 விதிகளில் இதற்கு ஒரு வரையறை இருக்கிறது. கடையில் உள்ள டெர்மினலில் எந்திரம் சீட்டை அச்சடிக்கும், ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்த எண் அதே நொடியில் மத்திய சர்வரில் பதிவாகும். அவ்வளவுதான், இணையதளம் என்ற பேச்சே இல்லை. 2000களின் தொடக்கத்தில் சிக்கிம் அரசின் பெயரில் வந்த ப்ளேவின் இந்த வகை. கடையில் எண் எழுதிக் கொடுத்தால் எந்திரம் சீட்டு கக்கும், குலுக்கலை ஜீ தொலைக்காட்சியில் காட்டினார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அழகான விஷயம். அச்சடித்து விற்காமல் போகும் சீட்டு என்ற ஒன்றே கிடையாது. பெரியப்பாவின் நாற்பத்து மூன்று இந்த முறையில் சாத்தியமே இல்லை.

ஆனால் காகிதச் சீட்டில் ஒரு பழைய பாதுகாப்பு இருந்தது. எத்தனை அச்சடித்தோம் என்பது எண்ணத் தெரிந்த எவருக்கும் தெரியும், கள்ளச்சீட்டைக் கையில் வைத்து ஒப்பிடலாம். சர்வர் எங்கோ இருக்கிறது, விற்பனை எவ்வளவு என்பதை அந்த சர்வர்தான் சொல்ல வேண்டும். மாநில அரசு விநியோகஸ்தரின் கணக்கை நம்புகிறது, கடைக்காரர் டெர்மினலை நம்புகிறார், வாங்குகிறவர் அரசு முத்திரையை நம்புகிறார். கேரளம் தன் காகித லாட்டரியை வைத்துக்கொண்டே ஆன்லைன் லாட்டரியை மட்டும் தடை செய்தது. விற்பனையாளர்கள் 1999 தீர்ப்பைக் காட்டி, நீயே லாட்டரி நடத்துகிறாயே என்று வழக்குப் போட்டார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் கேரளத்தின் பக்கம் நின்றது: ஆன்லைன் தனி வகை, தன்னிடம் ஆன்லைன் லாட்டரி இல்லாத மாநிலம் அடுத்தவரின் ஆன்லைன் லாட்டரியைத் தடுக்கலாம்.

கேரளத்துக் குலுக்கல் திருவனந்தபுரம் கோர்க்கி பவனில், மதியம் மூணு மணிக்கு. நடுவர்கள் குழு உட்கார்ந்திருக்க, எல்லோரும் பார்க்க எந்திரம் சுற்றும். பன்னிரண்டு சீரிஸ், ஒவ்வொன்றிலும் ஒன்பது லட்சம் ஆறிலக்க எண்கள் என்று வைத்தால் 1 கோடியே 8 லட்சம் சீட்டில் ஒன்றுக்கு முதல் பரிசு. முடிவு உடனே அரசின் பக்கத்தில் ஏறிவிடும்.

2017 வாக்கில் ஒருநாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது மாமா என்னிடம், "கண்ணு, உன் போன்ல கேரளா ரிசல்ட் பாத்துச் சொல்லு" என்றார். அவர் கையில் சீட்டே இல்லை. எல்லை தாண்டிப் போய் வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்து முதல் பரிசு எண்ணைப் படித்தேன். "கடைசி மூணு மட்டும் சொல்லு" என்றார். அப்புறம்தான் புரிந்தது. மூணு நம்பர் லாட்டரி. கேரள அரசின் முதல் பரிசு எண்ணில் கடைசி மூன்று இலக்கம், அதற்கு இங்கே எவனோ ஒருவனிடம் வாட்ஸப்பில் எண் சொல்லிக் காசு கட்டுவது. மூன்று இலக்கத்துக்கும் ஏ போர்டு, பி போர்டு, சி போர்டு என்று பெயர். மூன்றையும் சேர்த்துக் கட்டலாம், ஒரு போர்டுக்கு மட்டும் தனியாகவும் கட்டலாம்.

ஒரு போர்டு என்றால் ஒற்றை இலக்கம். 1998 சட்டத்தின் முதல் நிபந்தனை எதைக் கொன்றதோ, அதேதான்.

எனக்கு அன்றைக்கு வந்தது கோபத்தைவிட ஒரு தொழில்முறை வியப்பு. கள்ள லாட்டரி நடத்துகிறவனுக்கு எந்திரம் வேண்டாம், நடுவர் வேண்டாம், அச்சகம் வேண்டாம். சூதில் ரொம்பக் கடினமான பகுதி, யாராலும் ஏமாற்ற முடியாத ஒரு எண்ணை உருவாக்கி அதை எல்லோரையும் நம்ப வைப்பது. அதைக் கேரள அரசு தினமும் மூணு மணிக்கு இலவசமாகச் செய்து தருகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், பாஸ்வேர்டு இல்லாத ஏபிஐ. தமிழ்நாடு கடையை மூடியது, குலுக்கலை மூட முடியாது, அது வேறு மாநிலத்தில் சட்டப்படி நடக்கிறது. அரசு சீட்டில் பரிசு விழாவிட்டால் நாட்டுக்காவது போனது. மாமா கட்டியது யாருக்குப் போனது என்று அவருக்கே தெரியாது. விழுந்தபோது கொடுத்தார்கள், ஒருமுறை விழுந்து கொடுக்கவில்லை. போலீஸுக்கா போக முடியும்? மில்லில் இருந்து வந்த பி.எஃப். பணமும் அத்தையின் நாலு பவுனும் எப்படிப் போயின என்று எங்களுக்கு அவர் இறந்த பிறகுதான் முழுக்கத் தெரிந்தது.

தடை தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2003க்குப் பிறகு பஸ் ஸ்டாண்டைக் கடந்து போன எத்தனையோ மில் தொழிலாளிகள் தேடிப்போய்ச் சூதாடும் ஆட்கள் இல்லை, வழியில் தொங்கியதால் வாங்கியவர்கள். அவர்கள் தப்பித்தார்கள். மாமா மாதிரி தேடிப்போகிறவர் தப்பிக்கவில்லை. அம்மா ஏற்றிய விளக்கை நான் குறை சொல்லமாட்டேன்.

பெரிய பணம் எங்கே போனது என்பதற்கு ஒரு குறிப்பு 2024 மார்ச்சில் கிடைத்தது. தேர்தல் பத்திரங்களின் பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் இருந்தது ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி விநியோக நிறுவனம், 1,368 கோடி ரூபாய். முகவரி கோயம்புத்தூர். எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். பட்டியலைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நாம தொங்கவிட்டதுதான் கண்ணு" என்றார், கிண்டலா பெருமையா என்று தெரியாத குரலில்.

போன ஓணத்துக்கு அவரை மீனாட்சிபுரம் கூட்டிப்போனேன். பொள்ளாச்சியிலிருந்து அரைமணி நேரம், எல்லை தாண்டியதும் லாட்டரிக் கடைகள். நம் ஊர் வண்டிகள்தான் அதிகம். 2023 ஓணம் பம்பர் 25 கோடி, வாளையாறில் வாங்கிய சீட்டில் திருப்பூர்ப் பக்கத்து நாலு பேருக்கு விழுந்ததிலிருந்து கூட்டம் இன்னும் கூடிவிட்டது. அந்த 25 கோடியில் ஏஜெண்ட் கமிஷன் பத்து சதவீதம் 2.5 கோடி, மீதியில் வரி 30 சதவீதம் 6.75 கோடி, கைக்கு வருவது 15.75 கோடி. பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கில் முதல் வரி மட்டும்தான் காதில் விழுந்தது. "வித்தவனுக்கு ரெண்டரை கோடியா" என்றார். கம்பியில் கிளிப் மாட்டியிருந்த சீட்டுகளை வெகுநேரம் பார்த்தார். வாங்கவில்லை. அவர் வாழ்நாளில் ஒரு சீட்டும் தனக்காக வாங்கியதில்லை.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "பெரிப்பா, அந்த நாற்பத்து மூணு சீட்டு. தடை நமக்குத்தான், அந்தக் குலுக்கல் அந்த ஊர்ல நடந்திருக்குமே. காசு கட்டி எடுத்தது, உங்க சீட்டுதான். ரிசல்ட் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

சோதனைச் சாவடியில் வண்டியை மெதுவாக்கினேன். போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

"பாத்து, விழுந்திருந்துச்சுன்னா?" என்றார் பெரியப்பா.